நேராகப் போகாத அம்பாசிடர்

மரக்காணம் தாஜுதீன் பாய்க்குக் கோபம் வந்தால் தாடியைச் சொறிவார். கடந்த மூன்று வருடத்தில் அவர் சொறிந்த சொறிக்கு, தாடியில் முடி மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். எல்லாம் ஒரு காரால் வந்த வினை.

இருபத்திரண்டு வருடம் குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். ஊர் திரும்பியதும் மற்றவர்கள் கடை வைப்பார்கள், மனை வாங்கிப் போடுவார்கள். இவர் இரும்பையில் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த அறுபத்தி நாலாம் வருடத்து அம்பாசிடரை வாங்கி வந்தார். பச்சை நிறம், உருண்டை விளக்கு, முன்னால் பளபளவென்று குரோமியப் பட்டைகள். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். ஓட்டிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் இழுக்கும். வாங்கிய புதிதில் மனைவி சர்புன்னிசாவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கோட்டக்குப்பம் கிளம்பினார். அனுமந்தை தாண்டி ஒரு வளைவில் எதிரே உப்பு லாரி வந்தது. பாய் பிரேக்கை மிதிக்க, வண்டி சறுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. சர்புன்னிசா இறங்கினாள். புர்காவில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேங்க. நீங்களும் உங்க வண்டியும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் பஸ்தான். இருபத்திரண்டு வருடம் அடுத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கிய மனிதர். சொந்தப் பெண்டாட்டி பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் வயிறு எரியாதா? அந்த முன் சீட்டில் அவள் மறுபடி உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

துபாயிலிருந்து மகன் நிஷாத் போனில் சொன்னான்: "அத்தா, பேசாம வித்துடுங்க. இல்லைன்னா பவர் ஸ்டீயரிங், அலாய் வீல்னு எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க."

"அலாய் வீல் போட்டா அது அம்பாசிடராடா? வெளியே ஒரு ஸ்க்ரூ மாறக்கூடாது. உள்ளே என்ன வேணா மாத்திக்கலாம்."

இதைக் கேட்டுச் சிரித்த மெக்கானிக்குகளைக் கணக்கு வைக்க முடியாது. ஒருத்தர் ஸ்டீயரிங்கை இறுக்கிக் கொடுத்து, அதைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும் என்று ஆக்கினார். இன்னொருவர் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். கடைசியில்தான் பெரிய முதலியார்சாவடியில் ஷெட் வைத்திருக்கும் சாலமன் கிடைத்தார். சிரிக்காமல் கேட்டுக்கொண்ட ஒரே ஆள்.

சாலமன் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதுசு பொருத்தினார். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டு, மேலே அதே பழைய தட்டு மூடியை மாட்டினார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் ஆடாமல் பிடித்திருக்கும் புஷ் என்ற ரப்பர் வளையங்கள் அத்தனையும் புதுசு. டயரும் புதுசு, அளவு மட்டும் பழசு. வண்டி ஊருக்கு வந்தபோது டீக்கடையில், "என்ன பாய், ஒண்ணுமே பண்ணலையா?" என்று கேட்டார்கள். பாய்க்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. அனுமந்தை வளைவில் அறுபதில் போனார். வண்டி கொஞ்சமும் ஆடவில்லை. ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சர்புன்னிசா லேசில் மசிகிற ஆளா? "மூணு மாசத்துல தங்கச்சி பொண்ணு நிக்காஹ் வருதில்ல, அதுக்கு இதுல வர்றேன். அதுவரைக்கும் நீங்க ஓட்டிப் பாருங்க" என்றாள்.

அந்த மூன்று மாதமும் பாய் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். மரக்காணத்தில் இரும்பு வைத்திருப்பவனுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. உப்பளத்து பம்ப் இன்ஜினிலிருந்து சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் எரிந்த இன்ஜின் ஆயிலைத் தடவித்தான் அங்கே காப்பாற்றுவார்கள். உப்பளக்காரர் பஞ்சநாதன் தன் பம்ப்பிலிருந்து வடித்த ஆயிலை கேனில் கொண்டுவந்து கொடுப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து வந்ததும், பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு இடுக்கு விடாமல் தடவுவார்.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வண்டியைக் கழுவித் துடைத்து ஒரு ஓட்டம் பார்க்கக் கிளம்பினார். அனுமந்தை வளைவில் வண்டி ஆடியது. பிரேக்கை மிதித்தார். இடது பக்கம் இழுத்தது. பாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓரமாக நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார்.

"அந்த சாலமன் என்னை நல்லா ஏமாத்திட்டான் சர்பு. டூப்ளிகேட் சாமானைப் போட்டுட்டான். இதோ போறேன், அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

மெல்ல ஓட்டிக்கொண்டே முதலியார்சாவடி போய்ச் சேர்ந்தார். ஷெட்டில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி கத்தினார். சாலமன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினார். அடியில் நுழைந்து ஒரு புஷ்ஷைக் கழற்றி வந்து பாயின் கையில் வைத்தார். ரப்பர் ஊறி உப்பி, அல்வா மாதிரி விரலில் பிய்ந்து வந்தது.

"மோந்து பாருங்க பாய்."

பாய் மோந்தார். பஞ்சநாதனின் பம்ப் இன்ஜின் வாசனை.

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாது பாய். இரும்புக்குத் தடவுறது சரிதான். இதுல பட்டா தின்னுடும். எவ்ளோ நாளா தடவுறீங்க?"

பாய்க்குத் தாடியைச் சொறியக்கூடக் கை வரவில்லை. புது புஷ் சென்னையிலிருந்து வர நாலு நாளாகும் என்றார் சாலமன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பாய் பஸ் ஏறினார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சர்புன்னிசாவும் கேட்கவில்லை.

நிக்காஹ் அன்று காலை கோட்டக்குப்பம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். இரண்டு நாளாகத் தன்னையே திட்டித் திட்டிப் பாய்க்கு அலுத்துவிட்டது. காலாப்பட்டு தாண்டியதும் சர்புன்னிசா எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"பெரிய முதலியார்சாவடில நிறுத்துங்க, எறங்கணும்."

"கோட்டக்குப்பத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தோம்? இங்க எதுக்கு?" என்றார் பாய்.

"அந்த சாலமனை நாலு வார்த்தை கேக்கத்தான். என் புருஷன் மூணு வருஷமா உசிரைக் கொடுத்துப் பாத்துக்கிட்ட வண்டி. அதுல போயி டூப்ளிகேட் போடுவானா? நீங்க பேசாதீங்க, நான் கேக்கறேன்."

இத்தனை நாள் அந்த வண்டியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவளில்லை. பஸ் வேகம் குறைந்தது.

"உக்காரு சர்பு. அவன் மேல தப்பில்ல. நான் தடவின ஆயில்தான் ரப்பரைத் தின்னுடுச்சு. அது தெரியாம நாலு பேர் முன்னாடி அவனைத் திட்டிட்டேன்."

சர்புன்னிசா உட்காரவில்லை. "அந்த நாலு பேர் முன்னாடியே அவன்கிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப எறங்குங்க" என்று சொல்லிவிட்டு, புர்காவை இழுத்துச் சரிசெய்துகொண்டு படியை நோக்கி நடந்தாள்.