மாமி நிமிர்ந்து பார்த்த செய்தி

எங்கள் ஊர் எந்த இடத்தில் முடிகிறது என்று யாராவது கேட்டால், சின்ன வயதிலேயே நான் வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டிவிடுவேன். வீட்டுக்கு எதிரே போகும் ரோட்டின் நடுவில் முடிந்தது. இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி. எங்கள் பக்கத்துக் குப்பையை அள்ள வண்டி வரும். அந்தப் பக்கத்துக் குப்பையை யாரும் அள்ளமாட்டார்கள். காற்று அதைக் கிளப்பி எங்கள் வாசலில் போடும், பிறகு எங்கள் வண்டி வந்து அள்ளும். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் போய்வர வசதியான ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ள இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

என் அத்தாவின் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தங்கையை, அதாவது என் மாமியை, எதிர்ப்பக்கத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ரோட்டைத் தாண்டினால் பிறந்த வீடு என்று கல்யாணத்தன்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ரோட்டைத் தாண்டியதில் மாமி ஊரையே தாண்டிவிட்டார் என்பது மறுவாரம் குடத்தைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. மாமி பக்கத்தில் போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, டீ திரிந்துபோகும், சோப்பு நுரைக்காது. மாமா பட்டாசுக் கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுபவர், சீசனில் வீட்டுப் பக்கமே வரமாட்டார். மாமிதான் இடுப்பில் குடத்தோடு ரோட்டைக் கடந்து எங்கள் குழாய்க்கு வருவார்.

இந்த மாமிதான் எங்கள் ஊர் கேபிள் டிவியில் செய்தி வாசித்தார். தையற்கடை மாடியில் ஓர் அறை, நீலத் திரை, ஒரு மேசை, ஒரு கேமரா, அவ்வளவுதான் நிலையம். கேபிள்காரர் மாமியைத் தேடி வந்ததற்குக் காரணம் அவருடைய ழகரம். எங்கள் பக்கத்தில் மழை என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான், வாய்க்குத்தான் வராது. மாமி சொன்னால் நனைந்துவிடலாம் போலிருக்கும். காணாமல் போன ஆடு, பள்ளிவாசல் அறிவிப்பு, மாரியம்மன் கோயில் பொங்கல், சர்ச்சில் அசன விருந்து, மின்தடை என்று ஊர்ச் சமாசாரம் எல்லாம் மாமியின் வாயில் வந்து அழகாகிவிடும். கடைசியாக, மறுநாள் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் குடிநீர் என்று வாசிப்பார். ஊரே காத்திருப்பது அதற்குத்தான். ஊருக்கெல்லாம் தண்ணீர் நேரம் சொல்லிவிட்டு மாமி தன் வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் முகம் கழுவுவார்.

மாமியிடம் ஒரே ஒரு குறை இருந்தது. கேமராவைப் பார்க்க மாட்டார். செய்தி தொடங்கியதிலிருந்து முடிகிற வரை தாளிலேயே கண் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அவருடைய முக்காட்டுக் கரை தெரிந்த அளவுக்கு முகம் தெரியாது. கேபிள்காரர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். கடைசியில் என்னைக் கொண்டுபோய் கேமராவுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். அண்ணன் மகளைப் பார்த்தாவது வாசிக்கட்டும் என்பது அவருடைய யோசனை. மாமியை ஒரு தடவை நிமிரவைத்துவிட்டால் சாத்தூர்க் காராச்சேவு ஒரு பொட்டலம் எனக்கு என்று பேச்சு.

நான் அந்த வேலையை மிகவும் பொறுப்பாகச் செய்தேன். கன்னத்தை உப்பினேன். நாக்கால் மூக்கைத் தொட முயன்றேன். ஒற்றைக் கண்ணை மூடினேன், ஸ்டூலிலிருந்து விழுந்தும் காட்டினேன். மாமி தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சேவுப் பொட்டலம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

மாமி பக்கத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக யாரும் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்து, அந்தப் பக்கம் சிமெண்ட் மேடை கட்டி, பித்தளைக் குழாய்களும் வைத்தாகிவிட்டது. வால்வைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி. அதை யார் திறந்துவைப்பது என்பதில் சிக்கல். தண்ணீர் எங்களுடையது என்றார் இந்தப் பக்கத்துக் கவுன்சிலர். குழாய் நிற்பது எங்கள் மண் என்றார் அந்தப் பக்கத்துத் தலைவர். இருவரும் திறப்பு விழாவுக்கு ஆளுக்கொரு பிளக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு தீபாவளியும் போய்விட்டன, பிளக்ஸ் வெளுத்ததே தவிர வால்வு திறக்கவில்லை. மேடையில் கோழிகள் படுத்துக்கிடந்தன.

சித்திரை வெயிலில் எங்கள் பக்கக் குழாயிலும் தண்ணீர் நூலாக வந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வரிசையில் நிற்பது எங்கள் தெருக்காரர்களுக்குக் கண்ணை உறுத்தத் தொடங்கியது. ஒருநாள் காலையில் மூலை வீட்டு அக்கா மாமியின் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஊருக்கே தண்ணி நேரம் சொல்லுதீக. ஒங்க வீட்டுக்கு எப்ப வருதுன்னு ஒரு நா சொல்லிப்புட வேண்டியதுதான?”

வரிசை முழுக்கச் சிரித்தது. மாமியும் சிரித்தார். பிறகு வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் வீட்டுக்குள் வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினார். அத்தா சாக்கு வியாபாரம் செய்பவர், மிளகாய் வத்தல் மண்டிகளுக்கு மூட்டைச் சாக்கு போடுவார். எதையும் அவசரப்படாமல் பார்ப்பது அவருடைய பழக்கம்.

“ரெண்டு பேரும் ஒரு தேதிக்கு ஒத்து வந்துட்டாகன்னா தெறந்துருவாக” என்றார்.

“கொளா இருக்கு, தண்ணி இருக்கு. தேதிக்கா நாக்கு வறண்டு சாகச் சொல்லுதீக ஒங்க தங்கச்சிய?” என்றார் அம்மா. அத்தா சாக்கு எண்ணப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாமி கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு செய்தி வாசிக்க வந்தார். எனக்கு ஒரே குதூகலம். நானும் அன்று ஒரு புது வித்தையோடு வந்திருந்தேன். பள்ளியில் கற்றது அது. இரண்டு கண்ணிமைகளையும் மேலே மடித்துச் சிவப்பாகக் காட்டுவது. அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன்.

ஆடு, பொங்கல், மின்தடை எல்லாம் வழக்கம்போல் முக்காட்டுக் கரையிலிருந்தே வந்தன. குடிநீர் நேரம் தொடங்கியது. கிழக்குத் தெரு, பள்ளிவாசல் தெரு என்று வரிசையாக வாசித்தார். நான் இமைகளை மடித்தேன். மாமி நிறுத்தினார். தாளிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். நேராக என்னைப் பார்த்தார்.

“எல்லை ரோட்டின் இருபுறக் குழாய்களிலும் நாளை காலை ஆறு மணிக்குக் குடிநீர் வழங்கப்படும்” என்றார். ஒவ்வொரு ழகரமும் மணி மணியாக விழுந்தது.

கேபிள்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் மாமியின் முகத்தைத்தான், என்ன சொன்னார் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. “பாத்துட்டாக, பாத்துட்டாக” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். சேவுப் பொட்டலம் அப்போதே வந்தது. மாமி மேசை இழுப்பறையிலிருந்து தன் கைக்கண்ணாடி, ஊக்கு டப்பா, பனையோலை விசிறி எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையை நான்தான் வீடுவரை சுமந்தேன், சேவைக் கொறித்துக்கொண்டே.

இந்த இடத்தில் எங்கள் ஊரில் தண்ணீர் எப்படித் திறக்கப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். வால்வு திறக்கும் அண்ணனுக்கு அலுவலகம் போய் நேரம் கேட்டு வருவது வீண் அலைச்சல். அலுவலகம் மத்தியானமே நேரத்தை எழுதி கேபிளுக்கு அனுப்பிவிடுகிறது, மாமி வாசித்துவிடுகிறார். ஆகவே அவர் சாயங்காலம் டீக்கடையில் நின்று செய்தியைக் கேட்பார். மாமி சொல்கிற தெருவுக்கு, மாமி சொல்கிற நேரத்துக்கு, நீளக் கம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் திருகுவார். நகராட்சி நடப்பதே மாமி வாசிப்பதால்தான் என்று அவர் நம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் எல்லை ரோட்டுக்கு வந்து மூடியைத் தூக்கி, கம்பியைச் செருகி, முக்கித் திருகினார். அந்தப் பக்கத்துக் குழாய்கள் இருமின. கோழிகள் பறந்தன. முதலில் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்து, பிறகு வெள்ளையாகப் பீறிட்டது நல்ல தண்ணீர். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்பவர்கள். எங்கள் சீமையில் நல்ல சேதியை வாயால் சொல்வதற்கு முன் வெடியால் சொல்லிவிடுவார்கள். ஒருவர் வீட்டுக்குள் ஓடிச் சரவெடியைக் கொண்டுவந்து ரோட்டின் நடுவே, அதாவது எல்லைமேலேயே, நீளமாக விரித்துப் பற்றவைத்தார். புகை இரண்டு பக்கமும் சரிசமமாகப் போனது.

சத்தம் கேட்டுக் கவுன்சிலர் ஓடிவந்தார், தலைவர் திறந்துவைத்துவிட்டார் என்று நினைத்து. தலைவர் பல் துலக்கிக்கொண்டே வண்டியில் வந்தார், கவுன்சிலர் திறந்துவிட்டார் என்று நினைத்து. யார் திறக்கச் சொன்னது என்று இருவரும் வால்வுக்காரரைக் கேட்டார்கள்.

“செய்தியிலயே சொல்லிட்டாகள்ல” என்றார் அவர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் பெண்கள் குலவை போட்டு, அந்த இருவர் கழுத்திலும் யாரோ மாலை போட்டுவிட்டார்கள். மாலை விழுந்த பிறகு எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

“நாந்தான் நேத்து சொல்லிவிட்டேன்” என்றார் கவுன்சிலர்.

“நான் அதுக்கு மொத நாளே சொல்லிட்டேன்” என்றார் தலைவர், வாயில் நுரையோடு.

வால்வை இப்போது மூடிவிட்டு, நல்ல நாள் பார்த்து முறையாகத் திறக்கலாமே என்று கூட வந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார். ரோட்டின் இரண்டு பக்கத்துப் பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினார். வெளுத்த பிளக்ஸ்கள் இரண்டும் வந்து, ஆளுக்கொரு பக்கம் நின்றன. மாமி வரிசையின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு முன்னால் குடத்தோடு நின்றது மூலை வீட்டு அக்கா. அந்தப் பக்கத்தில்தான் தண்ணீர் வேகமாக வருகிறதாம்.

அன்று சாயங்காலம் மாமி பையில் எடுத்துப்போனதையெல்லாம் என்னிடமே கொடுத்துத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். இருவரின் பெருமுயற்சியால் குடிநீர் வந்தது என்ற செய்தியை, தாளைப் பார்த்தே வாசித்து முடித்தார். ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமி வீட்டில் வெந்த பருப்பு, வெண்ணெய்போல் குழைந்திருந்தது. நான் நடுவில் உட்கார்ந்து, மாமி நிமிர்ந்து பார்த்ததற்கு நான்தான் காரணம் என்று இமையை மடித்து எல்லோருக்கும் காட்டினேன். அம்மா சட்டியைப் பார்த்துக்கொண்டார். அத்தாவுக்குப் புரையேறியது. மாமி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “ஆமா தாயி, ஒன்னப் பாத்துத்தான் சொன்னேன்” என்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது. இவ்வளவு சிரித்தால் வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் வெகுகாலம் ஸ்டூலில் உட்கார்ந்து இமையை மடித்துப் பார்த்தேன். மாமி ஒருநாளும் நிமிரவில்லை. வித்தை பழசாகிவிட்டது என்று நானே முடிவு செய்து, அந்த வேலையை விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீருக்குச் சொந்தம் கொண்டாடியவர்களில் மூன்றாவது ஆள் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கண்ணாடியும் விசிறியுமாக அன்று நான் சுமந்தது, இனி இந்த மேசை நமக்கில்லை என்று மாமி கட்டிய மூட்டை என்பதும் தெரியவில்லை. தாளில் இருப்பதைச் சொல்ல மாமிக்குத் தாள் போதும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்ல, பயப்படாத ஒரு முகம் அவருக்கு எதிரே வேண்டியிருந்திருக்கிறது.