அம்மாவின் பெயர்க்காரி

தன்னைவிட முப்பது வயது இளையவளை ஈவலு ‘அம்மா’ என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. ஈவலுவைப் பெற்ற உவிலுக் இறந்த குளிர்காலத்திலேயே பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வடகோடிப் பனிநாட்டு ஊரான கமானிதுவாக்கில் இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் ஆளே திரும்பி வந்துவிட்டதாக அர்த்தம். அந்தக் குழந்தையும் உவிலுக் ஆனாள். “அம்மா, வந்துட்டியா?” என்று ஈவலு அவளைத் தூக்கிக் கொஞ்சினாள்.

கொஞ்சலெல்லாம் அந்தப் பெண் கத்தரிக்கோல் பிடிக்கும்வரைதான்.

தாய் உவிலுக் கம்பளித் துணியில் மான்களையும் பறவைகளையும் வெட்டி வைத்துத் தைத்த சுவர்த்துணிகள் தெற்கே பெரிய நகரங்களில் தொங்கின. ஈவலுவும் அதே வேலைதான் செய்தாள். தையல் எறும்பு வரிசைபோல இருக்கும். ஆனால் அவளுடைய மான்கள் நின்ற இடத்திலேயே நின்றன. சின்ன உவிலுக்கின் மான்கள் ஓடின. “அப்படியே உங்கம்மா கை!” என்றது ஊர். பெற்ற மகள் குத்துக்கல்லாட்டம் இருக்க, கை பெயரோடு போய்விட்டதே என்று ஈவலுவுக்கு வயிறு எரிந்தது.

புதிய மருத்துவ நிலையத்தின் சுவருக்குப் பெரிய துணி ஒன்று செய்யும்படி ஊர்ச்சபை உவிலுக்கைக் கேட்டது. அன்று மாலை ஊர் வானொலிக்கு ஈவலு போன் போட்டாள்.

“வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எங்கம்மா வெட்டுற மானு நல்லாத்தான் ஓடும். தையல்தான் வலை மாதிரி. மீன் பிடிக்கலாம்.”

வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். மறுநாள் உவிலுக் நேரே ஈவலுவின் வீட்டுக்குள் வந்து, தானே தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

“ஏண்டி மகளே, பெத்தவ மானத்தை ரேடியோவுலயா வாங்குவ?”

“உண்மையத்தானே சொன்னேன்.”

“உண்மைதான். அதான் வந்தேன். நீ வந்து தைச்சுக் கொடு.”

ஈவலு மாட்டேனென்று மூக்கைச் சுருக்கினாள். “ஊசிக்குத்து எனக்கு, பேரு யாருக்கு?”

“உங்கம்மாவுக்கு,” என்றாள் உவிலுக் கூசாமல்.

ஈவலு போனாள். பாசத்தால் அல்ல; அந்த மான்கள் எப்படி ஓடுகின்றன என்று கிட்டத்திலிருந்து பார்க்கத்தான். உவிலுக் கோடுகூடப் போடாமல் பேசிக்கொண்டே வெட்டினாள். வீட்டுக்கு வந்து ஈவலுவும் அப்படியே வெட்டிப் பார்த்தாள். அவள் மான் நின்றது.

ஒருநாள் உவிலுக் அண்ணனோடு வேட்டைக்குப் போயிருந்தாள். துணியின் ஓரத்தில் கொக்குகள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன. ஈவலுவின் கை சும்மா இருக்கவில்லை. கடைசிக் கொக்கைப் பிரித்தாள், திருப்பினாள், கழுத்தை வளைத்து, முன்னால் போகும் கொக்கின் வாலைக் கவ்வ வைத்துத் தைத்தாள். கெடுக்கத்தான் செய்தாள். அது அவளுக்கே தெரியும்.

திரும்பி வந்த உவிலுக்கின் முகம் சிவந்தது. “யாரு வேலை இது?”

“கொக்கு வேலை.”

“பிரிச்சிடு.”

“கையிருந்தா நீ பிரி.”

உவிலுக் கத்தி முனையால் நெம்பினாள். முனை நுழையவே இடமில்லை. கத்தியை எறிந்துவிட்டுப் போனாள்; கொக்கு அப்படியே இருந்தது.

திறப்பு விழாவில் மான்களை எல்லோரும் மெச்சினார்கள். குழந்தைகள் மட்டும் ஓரத்துக் கொக்கைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். உவிலுக் மைக்கைப் பிடித்தாள். “அந்தக் கொக்கு என் மக தைச்சது. வளர்ப்பு சரியில்லை.” கூரை அதிரச் சிரித்தார்கள். ஈவலுவும் சிரித்தாள். ஆனால் படம் எடுக்க வந்தவர் உவிலுக்கை மட்டும் துணியின்முன் நிறுத்தியபோது, சிரிப்பு பாதியில் நின்றது. துணியின் கீழே எழுதியிருந்ததும் உவிலுக் என்ற ஒரே பெயர்தான்.

இப்போது ஈவலு இருமல் இல்லாத நாளிலும் மருத்துவ நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். “உவிலுக்கோட மானு என்னமா ஓடுது!” என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

“மானை விடு,” என்பாள். “ஓரத்துல பாரு.”