ஊளை மிசினுக்கு ஆயுத பூஜை

துரை பங்களாவில் இருந்த தூசி உறிஞ்சும் மிசினுக்கு விபூதி பூசச் சொன்னது நான்தான். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. தோட்டத்து எஞ்சின் டிரைவர் ஊகித்துவிட்டார். என் மனைவிக்கும் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியாத விஷயம் என்று தோட்டத்தில் எதுவுமே கிடையாது என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது நான் மலாயாவில், தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. துரை பேசுவதை எழுதுவதும், எழுதியதை ஆட்களுக்குப் பேசிக் காட்டுவதும் என் வேலை. மிச்ச நேரத்தில் படிப்பேன். கையில் அகப்பட்டதையெல்லாம் படிப்பேன். சிரம்பானில் ஒரு பழைய புத்தகக் கடையில் மின்சாரத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பதினைந்து பக்கங்கள் இல்லை. அந்தப் பதினைந்து பக்கங்களில்தான் உயிருக்கு ஆபத்து வராமல் இருப்பது எப்படி என்று எழுதியிருப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பதினாறாம் பக்கத்திலிருந்து நான் நிபுணன்.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம் அது. பாதி மரங்களில் பால் வெட்டாமல் விட்டிருந்தார்கள். வேலை இல்லாதவர்களைப் பட்டியல் போட்டு, லாரியில் ஏற்றித் தம்பின் ரயிலடிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து துறைமுகம், கப்பல், நாகப்பட்டினம். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வதும் நான்தான். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்க்கத் தொடங்கிய காலம் என்றும் சொல்லலாம்.

பங்களாவைக் கூட்டித் துடைக்க முன்பு மூன்று பேர் இருந்தார்கள். துரைசாணி சீமைக்குப் போய்த் திரும்பி வந்தபோது அந்த மிசினைக் கொண்டு வந்தாள். நீண்ட கைப்பிடி, அதில் தொங்கும் கறுப்புத் துணிப்பை, கீழே ஆமை ஓடு போல ஒரு மோட்டார். சுவிட்சைப் போட்டால் ஊளையிடும். லயத்தில் அதற்கு ஊளை மிசின் என்றே பெயர். கூட்டுகிறவர்களில் இரண்டு பேர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போய், பால்வெட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து நேராக என் பட்டியலுக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்றாமவர் பயப்படவில்லை. அவருக்கு நாற்பது வயதிருக்கும். அப்போது அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. இவ்வளவு தாமதமாக வரும் மரியாதைக்குச் செலவொன்றும் இல்லை.

"இந்த மிசினு ஓடுற வரைக்கும் எனக்குச் சோறுங்கய்யா" என்பார். ஊரில் அவருக்கு நிலம் கிடையாது. அண்ணன் வீட்டுத் தாழ்வாரம் ஒன்றுதான் உண்டு, அதிலும் இப்போது மாடு கட்டியிருக்கிறார்களாம். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு, ஆள் ஊருக்குப் போய்விட்ட பால்வெட்டுக் கத்திகளையும் கழுவிக் கோயில் முன்னால் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தார்கள். லாரிக்கு மாலை. ரப்பர் தயாராகும் ஸ்டோரின் எஞ்சினுக்குச் சந்தனம். இவர் துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"கிராணி ஐயா, இதையும் வரிசையில வைக்கலாமுங்களா?"

சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் என்னால் சும்மா பதில் சொல்ல முடியாது. "தொடப்பம் என்னய்யா ஆயுதம்? உன் ஆயுதம் பங்களாவுல ஊளையிட்டுக்கிட்டு இருக்கே, அதுக்குப் போய்ப் போடு பட்டைய" என்றேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

துரைசாணி கடற்காற்று வாங்க சி ரூசாவுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை திரும்புவதாக இருந்தது. பங்களாவில் கேட்பாரில்லை. அவர் மிசினைத் துடைத்து, குளிப்பாட்டாத குறையாகப் பளபளப்பாக்கி, அதன் நெற்றியைப் பார்த்திருக்கிறார். மோட்டாருக்குக் காற்றுப் போக மூன்று கீறல்கள் இருந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, குறுக்கு வாட்டில், அளவெடுத்த மாதிரி. விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்றையும் நிரப்பி, நடுவில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்.

பிறகு என்னிடம் அவர் சொன்னது இது: "வெள்ளக்காரன் எடம் விட்டே செஞ்சிருக்கான்னு நெனச்சேனுங்க."

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் மிசின் ஊளையிட்டது, இருமியது, கருகிய நாற்றம் விட்டது, நின்றது. பத்து மணிக்கு அவர் ஆபீஸ் வாசலில் நின்றார்.

"செத்துப்போச்சுங்கய்யா."

"யாரு?"

"மிசினு."

என் தட்டச்சு இயந்திரத்தில் அந்த வாரப் பட்டியல் செருகியிருந்தது. தலைமை ஆபீஸ் கேட்ட எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைவு. கடைசி வரியைப் பிறகு பார்க்கலாம் என்று துரை காலியாக விட்டிருந்தார். அந்த வெள்ளை இடத்தை இரண்டு பேரும் பார்த்தோம். சனிக்கிழமை துரைசாணி வந்து, மிசின் ஓடவில்லை, யார் கெடுத்தது என்று கேட்டால், அந்த வரியை நிரப்ப எனக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

"நான் பாத்துக்கிறேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் யாருக்காவது கெடுதல் வந்திருக்கிறது.

பங்களாவுக்குக் கரண்டு ஸ்டோர் எஞ்சினிலிருந்துதான் வரும். பன்னிரண்டு மணிக்கு எஞ்சினை நிறுத்திச் சோற்றுக்குப் போவார்கள், இரண்டு மணிக்குத் திரும்ப ஓட்டுவார்கள். இது தோட்டத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். துரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே தூங்குவார். ஆகவே நடுப்பகலில், பங்களாப் பின்புற வராந்தாவில் மிசினைச் சாய்த்துப் போட்டுத் திருப்புளியோடு உட்கார்ந்தேன்.

"பிளக்கப் புடுங்கிட வேணாமுங்களா?" என்று கேட்டார்.

"எஞ்சின் நின்னாச்சு. காதக் குடுத்துக் கேளு. சத்தமே இல்ல. அங்க சுத்தாம இங்க எப்படிய்யா கரண்டு வரும்?"

அன்றைக்கு எஞ்சின் டிரைவர் ஏதோ பெல்ட் மாற்றியிருக்கிறார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மணிக்கே கிளப்பிவிட்டார். அந்தச் சமயம் என் வலது கை மோட்டாருக்குள் இருந்தது. அது என்னைக் கேட்காமல் தானாக எழுந்து போனது. நானும் கூடவே போனேன். கண்ணைத் திறந்தபோது தூணோடு சாய்ந்திருந்தேன், திருப்புளி ரோஜாத் தொட்டியில் கிடந்தது. அவர் மரக்கட்டைமேல் ஏறி நின்று, கையில் உலர்ந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கியிருந்தார். புத்தகம் படிக்காதவர்.

செய்தி கேட்டு டிரைவர் வந்தார். என் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நிதானமாகப் பேசுகிறவர்.

"கம்பியில கரண்டு இருக்கா இல்லையான்னு காதுல கேட்டுக் கண்டுபுடிச்ச ஆளு நீங்கதான் கிராணியாரே. நல்ல வேள. போயிருந்தா உங்க பட்டியல்ல கொறையிற ஒரு பேரு நெறஞ்சிருக்கும்."

"பட்டியல யாரு தட்டுறது அப்புறம்?" என்றேன்.

"அதுக்கென்னலா, வேற கிராணி வருவான்."

அதன் பிறகுதான் ஒழுங்காகச் செய்தோம். பிளக்கைப் பிடுங்கி, அதன் முனையைப் பங்களா ஆளே தன் இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பையை முதலில் கழற்றி, வெளியே போய்க் காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று உதறினோம். பழைய பத்திரிகைத் தாளை விரித்து, கழற்றிய ஸ்க்ரூவை எல்லாம் கழற்றிய வரிசையில், எந்த ஓட்டையோ அந்தப் பக்கமாகவே வைத்தோம். அடியிலிருந்த உருட்டுப் பிரஷில் துரைசாணியின் தலைமயிரும், கம்பள நூலும், நாயின் மயிரும் சடை போட்டிருந்தன. சவரக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தோம். ரப்பர் வாரைக் கழற்றித் துடைத்தோம். காற்றுச் சக்கரத்தின் இதழ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தோம்.

மோட்டாரை முழுக்கத் திறந்தபோதுதான் உள்ளே போன விபூதியைக் கண்டோம். ஈரமாகப் போனது, சூட்டில் சிமெண்டாகியிருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மூங்கில் சிம்பால் சுரண்டி, உலர்ந்த பிரஷால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து எடுத்தோம். செப்புத் தகடு பதித்த உருளையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தோம். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கரித்துண்டுகளில் ஒன்று பிளந்திருந்தது. தம்பினில் அது கிடைக்காது. டிரைவர் தன் டார்ச் லைட்டின் செத்த பேட்டரியை உடைத்து, நடுவிலிருந்த கரிக்குச்சியை அரத்தால் ராவி, அதே அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு நாள் நடுப்பகல் முழுக்க இதற்கே போனது.

வெள்ளிக்கிழமை பூட்டினோம். ஒரு ஸ்க்ரூகூட மிஞ்சவில்லை. கையை எடுத்து, மூடியெல்லாம் போட்டு, இரண்டு மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்கியபின், வேட்டியிலிருந்து பிளக்கை அவிழ்த்து அவரே மாட்டினார். ஊளையிட்டது. அவர் மிசினின் முதுகில் கையை வைத்தார். காய்ச்சல் விட்ட குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போலிருந்தது.

சனிக்கிழமை துரைசாணி வந்தாள். மிசின் முன்னைவிட நன்றாக இழுக்கிறது என்றாளாம். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எழுதப்படாத ஒரு காரியத்தை நான் காரியமாக மதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த மிசினை ஆபத்தில்லாமல் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் முறையை ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரியில் எழுதினேன். 'முதற்கண் பிளக்கைப் பிடுங்கவும்' என்பதை முதல் வரியாக வைத்து அடிக்கோடும் இட்டேன். அனுபவம் பேசியது. 'தோட்டத்து ஆட்களால் வருஷாந்திரப் பராமரிப்பு முடிந்தது' என்று தலைப்பு. பங்களா ஆளின் கெட்டிக்காரத்தனத்தை துரை அறிந்துகொள்ளட்டும், அவருக்கு இனிக் கவலையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் ஆங்கிலத்தை துரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை.

முதலில் பங்களா ஆளிடம் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"வேணாமுங்கய்யா. ஓடுது. அது போதுமுங்க. எதுக்குத் தாளு?" என்றார்.

"உனக்குப் புரியாது" என்றேன்.

திங்கட்கிழமை துரை அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். என் நெஞ்சு விம்மியது. அவர் பேசும் தமிழில் எல்லோரும் ஒருமைதான், கடவுள் உள்பட.

"கிராணி, நீ எழுதினது ரொம்பத் தெளிவா இருக்கு. இத்தன சுலுவா இந்த மிசின்?"

"ஆமாம், துரை."

"இது படிச்சா சமையல் குக்குகூடச் செய்யும்."

"யார் வேண்டுமானாலும் செய்யலாம், துரை" என்றேன். என் வாக்கியங்களுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சொன்னேன்.

துரை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நல்லது. அப்ப அதுக்குத் தனி ஆள் வேணாம். பட்டியல்ல ஒரு ஆள் கொறையுது இல்ல? அவன் பேரு போடு."

ஏதாவது சொல்லியிருக்கலாம். விபூதி பூசச் சொன்னது நான் என்று சொல்லியிருக்கலாம். அவர் பிளக்கைப் பிடுங்கியிராவிட்டால் இந்தத் தாளே வந்திருக்காது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் "சரி, துரை" என்றேன். வேறு கிராணி வருவான் என்று டிரைவர் சொன்னது சிரிப்புக்கு அல்ல என்பது அப்போது புரிந்தது. அந்தப் பெயரில் எட்டே எழுத்து. ஒரு பிழைகூட இல்லாமல் தட்டினேன்.

அடுத்த புதன்கிழமை லாரி கோயிலுக்கு எதிரே நின்றது. அவர், அவர் மனைவி, இரண்டு பெண்கள், ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு. எனக்கு முதல்நாள் தூக்கம் வரவில்லை. வராததால் வழக்கம்போல் எழுதினேன். இந்த ஆள் மின்சாரத் தூசி உறிஞ்சியை இயக்குவதிலும், கழற்றுவதிலும், பழுது பார்ப்பதிலும் மிகுந்த தேர்ச்சி உடையவர், நாணயமானவர், எந்த எஜமானரும் இவரைத் தயங்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நற்சான்றிதழ். தோட்டத்து முத்திரையும் குத்தியிருந்தேன். ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது.

லாரிப் பக்கத்தில் போய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தாளை நாலாக மடித்து மனைவியிடம் கொடுத்துப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். கோபமே இல்லை. வண்டி கிளம்புகிற சமயம், எனக்கு ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பலகைக்கு மேலாகக் குனிந்து சொன்னார்:

"பத்திரமா வச்சுக்கிறேனுங்கய்யா. ஆனா எங்க ஊருக்கு இன்னும் கரண்டு வரலீங்க."