மோர் ஊற்றிய கைகள்

சமயபுரத்துக்கு மஞ்சள் துணி கட்டி நடந்து போகிறவர்களுக்கு, கொள்ளிடம் பாலம் தாண்டி எங்கள் ஸ்ரீரங்கத்துத் தெருக்காரர்கள் வருஷாவருஷம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். மோர் ஊற்றுவது நான். யார் முகத்தையும் பார்க்காமல், நீளுகிற கைகளை மட்டும் பார்த்து ஊற்றுவேன். பக்தி என்றார்கள். கூச்சம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு காலை. மணிக்கட்டில் தேள் பச்சை குத்திய கை ஒன்று, "இன்னொரு டம்ளர்ங்க" என்று இரண்டு தடவை நீண்டது. கொஞ்ச நேரத்தில், "ஐயோ, என் சங்கிலி!" என்று ஒரு பெண் அலறினாள்.

திரும்புவதற்குள் பந்தலுக்குப் பின்னால் ஒருத்தனைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். தலையைப் பொத்தியிருந்த கையில் அந்தத் தேள். ஒரு ஷூ கால் அதன்மேல் ஏறி நின்று திருகியது. சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கிவிட்டது. காதிலிருந்து ரத்தம். எங்கள் எதிர்வீட்டுக்காரர் பந்தல் மூங்கிலை உருவிக்கொண்டு ஓடி வந்தார். மூங்கில் தலைக்கு மேலே உயர்ந்தது. இறங்கினால் அவன் செத்துவிடுவான்.

"வேண்டாம்" என்று கத்த நினைத்தேன். அவன்மேல் போய் விழுந்தேன்.

மூங்கில் என் இடது முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"நகருக்கா! உன் அண்ணன் தம்பியா இவன்?"

"திருடனுக்கு மோர் ஊத்தினது பத்தலயாம், மடியும் குடுக்குறாங்க!"

இடுப்பில் ஒரு உதை. என் வீட்டுக்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "என் பொண்டாட்டிடா! விடுங்கடா!" என்று கத்தின பிறகுதான் அடி நின்றது. அந்த இடைவெளியில் அவன் என் நெஞ்சில் ஒரு குத்து விட்டு, என்னைப் புரட்டித் தள்ளிவிட்டு ஓடினான். ஓடும்போது அவன் இடுப்பிலிருந்து சங்கிலி விழுந்தது.

எதிர்வீட்டுக்காரர் அதை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "பாத்துக்குங்க. போதுமா?"

ஆஸ்பத்திரியில் கையில் தகடு வைத்தார்கள். படுத்துக் கிடந்த நாட்களில் எனக்கு ஒரே ஆத்திரம். அவன் நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருடாதவனாகவாவது இருந்திருக்கலாம். ஒன்றும் எதிர்பார்க்காமல்தான் விழுந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எதிர்பார்த்திருக்கிறேன்.

மறுவருஷம் வலது கையால் மட்டும் ஊற்றினேன். "என்ன, ஒவ்வொரு கையையும் உத்து உத்துப் பாக்குற?" என்றார் வீட்டுக்காரர். உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. அதுவும் ஒரு கூலிதான்.

இந்த வருஷமும் தேள் வரவில்லை. வெயில் ஏறியதும் எதிர்வீட்டுக்காரர், பந்தல் கட்டினபோது ஒட்டின மண்ணைக்கூடக் கழுவாமல் கையை நீட்டினார். மன்னிப்பு அவர் கேட்டதில்லை. மூங்கில் பிடித்த கை. இடது கை வழக்கம்போல உள்ளுக்குள் வலித்தது.

டம்ளர் நிறைய ஊற்றினேன். குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடி ஊற்றினேன்.