இன்னொருத்தி பிள்ளைக்காக நான் செய்த ஜெபம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். எட்டாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஷாலினி. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். போன வருஷம் எனக்கு ஆண் பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனது. வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அதே மாதம் என் கொழுந்தன் மனைவி ஜெனிட்டாவுக்கும் ஆண் பிள்ளை பிறந்தது. அது நன்றாக இருந்தது.

துக்கம் என்றால் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். எனக்கு வந்தது பொறாமை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் பிள்ளை ஏன் இருக்கிறது, என் பிள்ளை ஏன் இல்லை. காலையில் கண் விழித்ததும் அந்த நினைப்புதான் முதலில் வரும். ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் ஜெனிட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அதன் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. விசுவாசிகளுக்குக் கண்ணூறு கிடையாது என்று பாடுகிற வீடு அது. என் கண்ணுக்கு மட்டும் பயந்தார்கள். என் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். அதனால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பொறாமைக்காரியின் ஜெபம் கூரையைத் தாண்டாது என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா பேசினார். பொதுவாகத்தான் பேசினார். எனக்குச் சொன்னது போல இருந்தது. அன்றோடு ஜெபிப்பதை விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, ஜெனிட்டாவின் பிள்ளையைச் சபையில் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்ய நாள் குறித்தார்கள். அவர்கள் இருப்பது கொத்மலைப் பக்கம். மண் சரிந்து பாதை மூடியதால் பஸ் ஓடவில்லை. எனக்கு அது நல்ல சாக்கு. நான் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் செல்வனிடம் சொன்னேன்.

"நான் தனியா போனா ஆளாளுக்கு உன்னையத்தான் கேப்பாங்க. வா புள்ள, நடந்தே போவோம். நீ ஒருத்தர்கிட்டயும் பேச வேணாம். பிரியாணி மட்டும் தின்னுட்டு வந்துருவோம்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். குறுக்குப் பாதையில் தேயிலை மலை ஏறி, இறங்கி, நீர்த்தேக்கத்தின் ஓரமாக உள்ள கிராமங்கள் வழியாகப் போக வேண்டும். கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. கீழே தண்ணீர் வெயிலில் மினுங்கியது. செல்வன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் கண் அங்கே போகவில்லை. போகிற வழியெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். வாசலில் ஒருத்தி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் சின்னச் சின்னச் சட்டை காய்ந்தது. ஒரு கடை வாசலில் நாய் குட்டி போட்டுப் படுத்திருந்தது, அதைப் பார்த்தும் எரிந்தது. செல்வன் ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரித்ததற்குக்கூட அவரோடு வெகுநேரம் பேசாமல் நடந்தேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வழியில் இருந்த லயத்தில் ஒதுங்கினோம். அன்று சம்பள நாள், எல்லாரும் தோட்டத்து ஆபீசுக்குப் போயிருந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து மட்டும் அழுகைச் சத்தம் வந்தது. உள்ளே கௌரி என்ற பெண்ணும் அவளுடைய வயசான மாமியாரும் இருந்தார்கள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை. கௌரியின் மடியில், பிறந்து ஒரு மாதமான பெண் பிள்ளை. காய்ச்சலில் கொதித்தது, பால் குடிக்கவில்லை, விலா எலும்பு உள்ளே போகப் போக மூச்சு இழுத்தது. மருத்துவிச்சிக்கு போன் பண்ணியிருக்கிறாள். பிள்ளையை உடனே கொண்டுவரச் சொல்லி, மண்சரிவுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார்கள். சரிவைத் தாண்டிக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. கௌரிக்கு ஆபரேஷன் பண்ணிப் பிறந்த பிள்ளை, தையல் புண்ணாகிவிட்டது. எழுந்து வாசல் வரை வந்தாள், அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் கொண்டுபோகிறோம் என்று செல்வன் சொன்னார். எத்தனையோ மாதமாக யாரும் என் கையில் பிள்ளை தந்ததில்லை. கௌரி தந்தாள். நான் வாங்கித் தலையைத் தாங்கிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க புள்ள பெத்தவங்கதானே அக்கா? புடிக்கிறதுலயே தெரியுது" என்றாள்.

சும்மா தலையாட்டியிருக்கலாம். முடியவில்லை. "பெத்தேன். செத்துப்போச்சு" என்றேன். மாமியார் முகம் மாறியது. அவருடைய கை பிள்ளைப் பக்கம் நீண்டது. இவர்களும் இப்போது பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

கௌரி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப என்னைய விட ஒங்களுக்குத்தான் பயம் தெரியும். கொண்டு போங்கக்கா. எந்தச் சாமியா இருந்தாலும் கேளுங்க" என்றாள்.

பிள்ளையைச் சால்வையால் என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். சரிவு சேறாகக் கிடந்தது. செல்வன் கம்பால் குத்திப் பார்த்துக் கால் வைப்பார், அதே இடத்தில் நானும் வைப்பேன். பாதி தூரத்தில் அவர் கால் வழுக்கி இடுப்பு வரை சேற்றில் இறங்கிவிட்டார். அவர் ஏறி வரும் வரை நான் அசையாமல் நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், பிள்ளையின் மூச்சு என் மேல் படவில்லை.

ஜெபிக்க வாயைத் திறந்தேன். அந்த அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. வேறு வழியில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஆண்டவரே, எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. இந்தப் புள்ளையப் பாத்தும் இருக்கு. அதை அப்பறம் பாத்துக்கங்க. இப்ப இது மூச்சு விடட்டும்."

இதையே திரும்பத் திரும்பச் சொல்லி முதுகைத் தேய்த்தேன். பிள்ளை ஒரு தரம் இருமியது. பிறகு பூனைக்குட்டி போல அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, சேற்றுக்குள் நின்ற என் வீட்டுக்காரரும் அழுதார். எங்கள் பிள்ளை இறந்த அன்றுகூட அவர் அழுததை நான் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறிப் போனோம். ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கி ஆக்சிஜன் வைத்தார்கள். அம்மா யார் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். நான் இல்லை, அம்மா பின்னால் வருகிறாள் என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கர்த்தருக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரம் கௌரியை நாற்காலியில் வைத்து லயத்து ஆட்கள் நாலு பேர் சரிவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது பிள்ளைக்கு மூச்சு சீராகியிருந்தது. நெஞ்சுச் சளி, தப்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

கௌரி பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். எனக்கு எரியவில்லை என்று சொன்னால் பொய். எரிந்தது. ஆனால் அதையும் தாண்டி, அந்தப் பிள்ளை இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. எது பெரிது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அந்த ஆசை என்னுடையது இல்லை, அவர் கொடுத்தது.

மறுநாள் பிரதிஷ்டைக்கு, சேறு காயாத சேலையோடு போனேன். "கொஞ்ச நேரம் என்கிட்ட குடு" என்று நானே ஜெனிட்டாவிடம் கேட்டேன். அவள் யோசித்தாள், பிறகு தந்தாள். அவள் யோசித்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை கனமாக இருந்தான், என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அவனுக்காக ஜெபித்தேன், வாய் விட்டு.

இப்போதும் சில நாள் அந்த எரிச்சல் வரும். வந்தால் ஒளிக்க மாட்டேன், அதையும் சேர்த்தே ஜெபிக்கிறேன். இதைப் படிக்கிற யாராவது, இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு எப்படி முழங்கால் போடுவது என்று ஒதுங்கியிருந்தால், ஒதுங்க வேண்டாம். சுத்தமான பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். எரிகிறபடியே போங்கள். அவர் கேட்கிறார். என்னுடையதையே கேட்டார்.