ஆலைக் கால்வாயில் ஏறிய மீன்கள்

டெலியா மன்னெலிக்கு இடது காது கேட்காது. யாராவது அபத்தமாகப் பேச ஆரம்பித்தால் அந்தக் காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு தலையாட்டுவாள். அயர்லாந்தின் மாயோ மாவட்டத்தில், ஓவன்டாரா ஆற்றங்கரையில், அவளுடைய இடது காதைப் பார்க்காதவர்கள் அதிகம் கிடையாது.

அப்பா முகத்துவாரத்தில் வலை போட்டவர். மகள் தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறேன் என்று சொன்னபோது, "துரைமாருக்குக் கூடை தூக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். முதல் நாள் வந்தவர் ஜெர்மனியிலிருந்து ஒரு பல் டாக்டர். அவளை ஏற இறங்கப் பார்த்து, "உன் அப்பா எப்போது வருவார்?" என்றார். சாயங்காலம் இரண்டு சால்மன் மீனோடு திரும்பினார். அடுத்த வருஷம் பெயர் சொல்லிக் கடிதம் போட்டார்: டெலியாதான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்.

அப்படி முப்பத்தொரு வருஷம். எந்த மடுவில் எந்த நீர்மட்டத்தில் மீன் நிற்கும், எந்த நிற இறகைக் கொக்கியில் கட்டினால் வாயைத் திறக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "நேரம் கிடைச்சப்பல்லாம் ஆத்துல தண்ணி நல்லா இருந்துச்சு" என்பாள்.

பிறகு மீன் எண்ணும் கருவி வந்தது. மீன்வள அலுவலகத்தார் பழைய ஆலைக்குப் பக்கத்திலிருந்த தடுப்பணையில் அதைப் பொருத்தினார்கள். வருஷத்துக்கு அறுநூற்று இருபது சால்மனாவது அணையைத் தாண்டி முட்டையிடப் போனால்தான் தூண்டில் போடலாம். குறைந்தால் ஆறு மூடப்படும். சட்டத்தில் தப்பில்லை. டெலியாவே அதற்கு முதலில் கை தூக்கினாள். கருவி முந்நூற்று நாற்பதுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. நாலு வருஷம் எச்சரித்தார்கள். ஐந்தாம் வருஷம் ஆற்றை மூடினார்கள்.

டெலியாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிசம்பரில் அணைக்கு மேலே பதினோரு மைல் ஆற்றோரமாகவே நடப்பாள். பெண் மீன்கள் வாலால் கூழாங்கல்லைப் பறித்து முட்டையிட்ட குழிகளை ஒவ்வொன்றாக எண்ணி, மாட்டு மருந்துக் கம்பெனி இனாமாகக் கொடுத்த நோட்டில் கோடு போடுவாள். ஒரு குழிக்கு ஒரு ஜோடி என்று வைத்தாலும் அவள் நோட்டில் எழுநூறு மீனுக்குக் குறையாது. அந்த நோட்டை அலுவலகத்திலிருந்து வந்த ஊனா ப்ராஃபியிடம் காட்டினாள். ஊனா முப்பது வயதுப் பெண், டப்ளின்காரி, மரியாதை தெரிந்தவள்.

"மிஸ் மன்னெலி, ஒரே குழியை ரெண்டு தடவை எண்ணியிருக்கலாம் இல்லையா?" என்றாள்.

டெலியா இடது காதைக் காட்டினாள்.

ஆனால் அவமானம் உள்ளே இறங்கிவிட்டது. ஆறு மூடிய இரண்டாவது வருஷம் ஒரு செய்தி கசிந்தது: அக்டோபரில் கூட்டம் போட்டு, ஐந்து வருஷத்துக்கு ஒரேயடியாக மூடப்போகிறார்கள். அவளுக்கு அப்போது ஐம்பத்தேழு. ஐந்து வருஷம் கழித்து எந்த முழங்கால் அந்த ஓட்டத்தில் நிற்கும்? கால்வே நகரில் இருக்கும் தங்கை ஒரு பேரங்காடியில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். பண்ணை சால்மனைத் துண்டு போடும் வேலை. டெலியா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஜூலை கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்கு அந்த ஊரில் பீப்பாய்ப் பந்தயம். பழைய ஆலையின் மதகைத் திறந்துவிட்டால் கால்வாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடும். இளவட்டங்கள் பீப்பாய்க்குள் உட்கார்ந்து பாலம் வரை மிதப்பார்கள், பாதிப்பேர் கவிழ்வார்கள். மதகின் இரும்புக் கைப்பிடி ஃபெஸ்டி கிண்ட்டியிடம் இருந்தது. ஃபெஸ்டிதான் தூண்டில் சங்கத் தலைவர். டெலியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எண்ணும் கருவியை அவர் அளவுக்குத் திட்டியவர் அயர்லாந்திலேயே கிடையாது.

அந்த வருஷம் கவிழ்ந்தவர்களில் பேக்கரிக்காரர் ஒருவர். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று அலறினார்: "ஐயோ, ஏதோ என் தொடையில மோதுச்சு! இந்தாத் தண்டி இருந்துச்சு!"

"மூணு பைன்ட் பீர் உள்ள போனா எல்லாம்தான் மோதும்!" என்று பாலத்திலிருந்து யாரோ கத்தினார்கள். ஊரே சிரித்தது. டெலியா சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீரைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கால்வாயையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நுரைக்குள் ஒரு வெள்ளி முதுகு புரண்டது. பின்னால் இன்னொன்று. திறந்த மதகின் வழியாக நுழைந்து, அணையைச் சுற்றிக்கொண்டு, கருவிக்கு டாட்டா காட்டிவிட்டு மேலே போயின.

பந்தயம் ஒரு நாள்தான். ஆனால் பழகிப் பார்க்க வேண்டுமென்று ஜூலை முதல் தேதியே ஃபெஸ்டி மதகைத் திறந்துவிடுவார். மூட ஆகஸ்ட் பாதியாகிவிடும். கடலிலிருந்து சால்மன் கூட்டம் கூட்டமாக ஏறுவதும் அதே ஆறு வாரம்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அலுவலகத்தாருக்கு இது ஏன் தெரியவில்லை? யாரும் சொல்லவில்லை, அதனால்தான். திருட்டு வலை ஓடிய காலத்திலிருந்து அந்த ஊருக்கு ஒரே வேதம்: ஆபீஸ்காரனிடம் வாயைத் திறக்காதே. மணி கேட்டால்கூடக் கடிகாரம் இல்லை என்பார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. இந்த ஊர் வாயை மூடிக்கொண்டே கெட்டது.

டெலியா மறுநாளே ஃபெஸ்டி வீட்டுக்குப் போனாள்.

"மதகு விஷயத்தை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப் போறேன், ஃபெஸ்டி."

ஃபெஸ்டியின் முகம் கறுத்தது. "அனுமதி இல்லாம முப்பது வருஷமா தொறக்கறோம். கோர்ட்டுக்கு இழுப்பாங்க. பந்தயத்தையே நிறுத்திடுவாங்க."

"மீன் போச்சுன்னா பந்தயத்தை வச்சு என்ன பண்றது?"

"காட்டிக்குடுத்தவன்னு இந்த ஊர்ல ஒருத்தன் பேர் வாங்கினா, அவன் பேரனுக்குக்கூடக் கடையில ரொட்டி கிடைக்காது. தெரியும்ல உனக்கு?"

"எனக்குப் பேரன் இல்ல" என்றாள் டெலியா. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது 'காட்டிக்குடுத்தவன்' என்ற சொல்லும் கூடவே நடந்து வந்தது. அந்தச் சொல்லை அவள் அப்பா வாழ்நாளில் இரண்டே பேருக்குத்தான் பயன்படுத்தினார். இரண்டு பேரும் ஊரை விட்டே போனார்கள்.

அக்டோபர் கூட்டத்துக்கு மாதாகோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஊனா படம் போட்டு எண்களைக் காட்டினாள். ஒருவர் கடல்நாய்தான் காரணம் என்றார். இன்னொருவர் மீன்பண்ணை என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர் டப்ளின்தான் காரணம் என்றதும் கைதட்டல் பறந்தது. ஊனா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்தாள். "வேற யாராவது பேசணுமா?"

டெலியா எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒரு கேள்வி, மிஸ் ப்ராஃபி. கருவி வைக்கறதுக்கு முன்னாடி ஆலைக் கால்வாயைப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். ஜனவரியில. காஞ்சு கிடந்துச்சு."

"ஜனவரியில காஞ்சுதான் கிடக்கும். ஜூலையில வந்து பார்த்திருக்கணும். ஆறு வாரம் மதகு தொறந்து கிடக்கும். எங்க மீன்ல பாதி அந்த வழியாத்தான் போகுது."

மண்டபத்தில் நூற்றைம்பது பேரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊனாவின் முகம் சிவந்தது. "தொறக்கறதா? யாரு தொறக்கறாங்க?"

டெலியா யாரையும் பார்க்கவில்லை. இந்த நிமிஷம் ஒரு பெயர் சொன்னால் மீன் தப்பிக்கும். அவள் இந்த ஊரில் தப்பிக்க மாட்டாள்.

"என் பேரை எழுதிக்கோங்க" என்றாள். "நான்தான் தொறக்கறேன்."

ஊனா பேனாவை எடுத்தாள். அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி உருண்டது. ஃபெஸ்டி எழுந்து நின்றார், காது வரை சிவந்து.

"யாரு, இவளா? இவ கைக்கு அந்த மதகு அசையுமா? கைப்பிடியை எந்தப் பக்கம் சுத்தணும்னு கேளுங்க இவளை! முப்பது வருஷமா நான்தாம்மா தொறக்கறேன். எழுதறதா இருந்தா ஒழுங்கா எழுது. கிண்ட்டி. ஃபெஸ்டஸ்."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. பேக்கரிக்காரர் எழுந்து, "அப்போ என் தொடையில மோதினது மீன்தானா? சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்று மேஜையைத் தட்டினார். எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மதகு எப்போது திறக்கிறது, தண்ணீர் எவ்வளவு உயரம், எந்த வருஷம் எத்தனை மீனைக் கண்ணால் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக மூடியிருந்த வாயெல்லாம் அன்று ஊனாவின் முன்னால் திறந்தது. அவளுக்கு எழுத நோட்டுப் போதவில்லை. டெலியாதான் தன் மாட்டு மருந்து நோட்டைக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் ஜூன் மாதமே கால்வாயில் தண்ணீருக்கடியில் ஒரு கேமரா வைத்தார்கள். மதகு அலுவலகத்தின் அனுமதியோடு திறந்தது. பந்தயமும் நடந்தது. செப்டம்பர் கடைசியில் ஊனாவே காரோட்டிக்கொண்டு வந்தாள், போனில் சொல்ல மனமில்லாமல்.

"அணையில முந்நூத்தி முப்பத்தெட்டு. கால்வாயில முந்நூத்தி எழுபத்தொண்ணு."

டெலியா மனசுக்குள் கூட்டினாள். எழுநூற்று ஒன்பது.

"உங்க நோட்டுல எவ்வளவுன்னு பார்த்தேன்" என்றாள் ஊனா. "நீங்க எந்தக் குழியையும் ரெண்டு தடவை எண்ணல. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோங்க."

இந்த முறை டெலியா வலது காதைத்தான் காட்டியிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். ஊனா போன பிறகு சமையலறையில் தனியாக நின்று, மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். தங்கைக்கு போன் போட்டு, "அந்தக் கத்தியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு" என்றாள்.

மறுவருஷம் ஆறு திறந்தது. அறுபது மீன் மட்டும் எடுத்துப்போகலாம். எடுக்கிற ஒவ்வொன்றின் செவுளிலும் நீல நிற அட்டை மாட்ட வேண்டும். மற்றதையெல்லாம் திரும்ப விட்டுவிட வேண்டும். முதல் அட்டை யாருக்கு என்று சங்கத்தில் வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

ஜூலை மாதக் காலை. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ஃபெஸ்டி கைவலையோடு நின்றார். இப்போது அவர் அலுவலகமே நியமித்த மதகுப் பொறுப்பாளர், கோட்டில் அதற்கொரு வில்லையும் குத்தியிருந்தார். அணைக்குக் கீழே உள்ள மடுவில் டெலியா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூண்டில் வீசினாள். ஏழாவது வீச்சில் கோல் வளைந்தது. கால் மணி நேரம் இழுபறி. மீன் களைத்துப் பக்கம் சாய்ந்தபோது ஃபெஸ்டி வலையில் தாங்கினார். எட்டு பவுண்டு இருக்கும், கடல் உப்பு இன்னும் போகாத வெள்ளி.

"அட்டையை மாட்டு, டெலியா. ஒண்ணாம் நம்பர்! அப்புறம் அந்த அட்டையைச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டி வைக்கலாம்."

டெலியா அட்டையைச் சட்டைப் பையிலேயே விட்டாள். மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, வாலைப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி வைத்தாள். செவுள் அசைந்தது. கைக்குள் பலம் திரும்புவது தெரிந்தது.

"என்ன பண்றே?" என்று பதறினார் ஃபெஸ்டி.

அவர் பக்கம் இடது காது இருந்தது. டெலியா விரலைத் தளர்த்தினாள்.

"போடா. மேல கேமரா இருக்கு, மூஞ்சியை நல்லாக் காட்டிட்டுப் போ."