கோரைக்கு ஒரு பள்ளத்தாக்கு

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மேகமூட்டம், கடற்காற்று. மழை இல்லை, ஆனால் வராது என்று எனக்கு யாரும் எழுதித் தரவில்லை, அதனால் குடையோடு போயிருந்தேன். நெல்லித்தோப்பில் எங்கள் தெருக்கோடி காலி மனையில் பதினோரு பேர் கூடியிருந்தோம். ஆறு பேர் ஆட வந்தவர்கள், நான்கு பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மீதி ஒருவன் நான். என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் அன்றைய வழக்கு.

ஆட்டம் பெத்தாங். ஒரு சிறிய கட்டைக்குண்டை முதலில் எறிந்துவிட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதை ஒட்டிப் போய் நிற்கிறது என்று பார்ப்பது. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு குண்டு, பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. எங்கள் அணித்தலைவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். இரண்டாமவர் டைல்ஸ் கடை பாய். மூன்றாமவர் மகளோடு சென்னைக்குப் போய்விட்டார். அந்தக் காலி இடம் எனக்கு வேண்டும். ஆறு வருடமாகக் குண்டுக்கும் குண்டுக்கும் இடையே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதில் இவ்வளவு ஆசை உடம்புக்கு ஆகாது என்று தெரியும். தெரிந்து என்ன பயன்?

போன அக்டோபரிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"வாத்தியாரே, நீ எறிஞ்சா குண்டு எங்க போவும்னு உனக்கும் தெரியாது, குண்டுக்கும் தெரியாது" என்றார் சொல்தா. "என் மாப்பிள்ள ஆடட்டும்."

அந்த வாரம் ஐப்பசி மழை தொடங்கியது. சரளைத் தரை முழுக்கப் புல் கிளம்பியது. இரண்டு வகை: அருகு, கோரை. அருகு படர்ந்து படுத்துக்கொள்ளும், குண்டு அதன் மேல் ஓடும். கோரை கொத்துக் கொத்தாக எழும், குண்டு அதில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆள் விட்டுக் கொத்திவிடலாம் என்றார் பாய்.

"கொத்தாதீங்க" என்றேன். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த வாய், சும்மா இருக்கவில்லை. ஓரிடத்தில் இரண்டு இனம் வாழ வந்தால் அதற்கு இரண்டு சமன்பாடு உண்டு. ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகப் பெருகும், அந்த இடம் எத்தனையைத் தாங்கும், தன் இனத்தால் எவ்வளவு நெருக்கடி, அடுத்த இனத்தால் எவ்வளவு நெருக்கடி. அவ்வளவுதான் உள்ளே போகும். அடுத்ததை நசுக்குவதில் ஒன்று கெட்டி, மற்றது சோடை என்றால் கெட்டியானது தங்கும், சோடை ஒழியும். இரண்டும் கெட்டி என்றால், தொடக்கத்தில் எது அதிகமாக இருந்ததோ அது பெரும்பாலும் வெல்லும். இரண்டும் அடுத்த இனத்தைவிடத் தன் இனத்தையே அதிகம் நெருக்கினால் மட்டும் இரண்டும் பிழைத்துக் கிடக்கும். (இந்த மூன்றாவது ரகம் புரியாதவர்கள் சொத்துத் தகராறு உள்ள அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒருமுறை போய் வரலாம்.)

"தை பொறக்கறதுக்குள்ள அருகு கோரைய ஒழிச்சுடும். ஒழிச்சா மூணாவது ஆள் நான்" என்றேன்.

"இல்லன்னா?"

"சாவற வரைக்கும் டேப் புடிக்கிறேன்."

"யா அல்லா, புல்லு மேலயா பந்தயம்?" என்றார் பாய். ஆனால் கை கொடுத்தது அவர்தான் முதலில்.

நான்கு செங்கல் வைத்து ஒரு சதுரம் கட்டினேன். தினமும் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூர் தூராக எண்ணினேன். முதல் மூன்று வாரமும் அருகு ஏறுமுகம், கோரை இறங்குமுகம். இரண்டு கோடுகளும் நான் போட்ட வளைவின் மேல் நல்ல பிள்ளைகளாக நடந்தன. என் மனைவி ஒருநாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எதிர்வூட்டு அம்மா கேக்குது, உங்க வூட்டுக்காரர் எதனா தொலைச்சுட்டாரான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, புத்தியத்தான்னு சொன்னேன்."

நவம்பர் கடைசியில் பேய்மழை. மனையின் தாழ்ந்த ஓரத்தில், வாய்க்கால் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. எண்ணூறு செங்கல் இருக்கும் சுவரில் ஒரே ஒரு செங்கல்! அந்த ஓட்டை வழியாக மனையில் தேங்கிய தண்ணீர் வாய்க்காலுக்குள் ஒரு சாண் ஆழத்துக்கு அருவியாக விழுந்தது. விழுந்த தண்ணீர் அடியைக் குடைந்தது. அடி போனதும் விளிம்பு சரிந்தது. விளிம்பு சரிந்ததும் அருவி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தபடி நின்றேன். ஆறு மேலிருந்து கீழே ஓடுகிறது, பள்ளத்தாக்கோ கீழிருந்து மேலே ஏறுகிறது! சரிவும் தண்ணீரும் கூடிய இடத்தில் வெட்டு அதிகம். உருண்டு வரும் சரளைதான் அதற்கு உளி. மலையில் லட்சக்கணக்கான வருடம் எடுக்கும் வேலையை எங்கள் தெரு ஒரு வாரத்தில் முடித்துக் காட்டியது.

ஓடைகள் இரண்டு உண்டாயின. வலதுபக்கத்து ஓடை ஆழமாக வெட்டி, வளைந்து ஏறி, இடதுபக்கத்து ஓடையின் தலையைத் தொட்டு அதன் தண்ணீர் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பாவம், இடது வெறும் பள்ளமாகக் கிடந்தது. ஓடைகளுக்குள்ளும் போட்டி! நடுத்தெருவில் நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். "திருடிட்டான்! திருடிட்டான்!" என்றேனாம். நாலு வீட்டுக் கதவு திறந்தது. சொல்தா கையில் கம்போடு ஓடி வந்தார்.

"எங்க திருடன்?"

"இதோ, இந்த ஓடை."

அவர் கம்பை என் பக்கம் திருப்பாமல் வீட்டுக்குத் திரும்பியது பழைய சிநேகத்தால்தான்.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்குதான் என் கழுத்தை அறுத்தது. ஈரம் முழுவதும் அதற்குள் போய்த் தங்கியது. செத்துக்கொண்டிருந்த கோரை அங்கே இறங்கிக் குடியேறிச் செழித்தது. மேட்டில் அருகு, பள்ளத்தில் கோரை. இருவரும் இப்போது தத்தம் ஆட்களோடுதான் இடித்துக்கொண்டார்கள், அடுத்தவரோடு அல்ல. மூன்றாவது ரகம்! தரை மட்டமானது என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டிருந்தேன். கரும்பலகையில் முப்பத்தொரு வருடம் எழுதியவனுக்கு உலகமே மட்டமாகத்தான் தெரியும். தோற்றுவிட்டேன். தோற்றும் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. என்ன அழகான தவறு!

தை பிறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்து அணி ஆட வந்தது. சொல்தா தரையைச் சுற்றி வந்து தீர்ப்பு சொன்னார்:

"அருகு ஜெயிக்கல. கோரையும் ஜெயிக்கல. அதனால மூணாவது ஆளோட ரெண்டு குண்டுல ஒண்ணு மாப்பிள்ளைக்கு, ஒண்ணு உனக்கு."

வந்தவர்களில் மூத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குடுங்கய்யா, அரை ஆளு. நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்." அரை ஆள்! எனக்கு அதுவே போதும். ஒவ்வொரு சுற்றிலும் என் ஒற்றைக் குண்டு எங்கெங்கோ போயிற்று. மற்றவர்கள் ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிச் சுற்று. எதிரணியின் குண்டு கட்டைக்குண்டிலிருந்து ஒரு சாண். சொல்தா எறிந்த குண்டு நழுவி என் பள்ளத்தாக்கில் விழுந்து, கோரைக்குள் வீணாகக் கிடந்தது. எல்லோரும் எறிந்தாகிவிட்டது. மிச்சம் என் குண்டு ஒன்றுதான்.

"அலே, போ வாத்தியாரே" என்றார் சொல்தா. "மெதுவா உருட்டு. கட்டைய மட்டும் தொட்டுடாத."

கை வேர்த்தது. உருட்டத்தான் நினைத்தேன். குண்டு விரலிலிருந்து வழுக்கி மேலே எழும்பி, நேராகக் கட்டைக்குண்டின் தலையில் இறங்கியது. கட்டைக்குண்டு துள்ளியது, அருகின் மேல் ஓடியது, பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு கணம் யோசித்தது, உள்ளே இறங்கியது. என் குண்டும் பின்னாலேயே விழுந்தது. ஏழு வாரமாக நான் குனிந்து குனிந்து பார்த்த அதே வளைவு, அதே திருப்பம். கட்டைக்குண்டு கோரைக்குள் போய் நின்றது. என் குண்டு அதை உரசிக் கடந்து, அருவி விளிம்பைத் தாண்டி, வாய்க்காலுக்குள் டபக்கென்று மறைந்தது.

"கட்டை போன எடம்தான் எடம்" என்றார் எதிரணி மூத்தவர், முகம் சுண்டி. "அளந்து பாருங்க."

பழக்கதோஷத்தில் பதினோரு பேரும் டேப்புக்காக என்னைத் தேடினார்கள், நான் உட்பட. கோரையை விலக்கிப் பார்த்தேன். கட்டைக்குண்டு, வீணாகக் கிடந்த சொல்தாவின் குண்டை முத்தமிட்டுக்கொண்டு நின்றது.

"பூஜ்யம்!" என்று கத்தினேன்.

பதின்மூன்று! குடையை வானத்தில் எறிந்தேன். பாய் என்னைத் தூக்கப் பார்த்துத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சொல்தா மட்டும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் ரெண்டு குண்டும் இவருக்கு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். "மொதல்ல வாய்க்கால்ல போனத வாங்கி வைக்கச் சொல்லு."

வாய்க்காலில் துழாவிய ஆளுக்கு இருநூறு, குண்டு கிடைக்கவில்லை. பதினோரு பேருக்கு டீயும் வடையும் இருநூற்று எழுபத்தைந்து. கடையில் ஒற்றைக் குண்டு தர மாட்டார்களாம், மூன்றாகத்தான் விற்பார்களாம். அது ஐயாயிரத்து நானூறு. ஆக மொத்தம் ஐயாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து ரூபாய்.